எண்பதில் பிளக்கைக் கழற்றியவளுக்கு

இன்று காலை கடையில் வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சூடான பிளாஸ்டிக் வாடை அடித்தது. முதலாளியம்மா தன் போனை அயர்ன் மேசையில் சார்ஜில் போட்டுவிட்டு, அது கிடப்பதை மறந்து, அப்போதுதான் தேய்த்த வெள்ளைக் கவுன்களை அதன்மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மெஷினை விட்டு எழுந்து போய், கவுன்களைத் தூக்கி, பிளக்கைக் கழற்றி, போனை ஜன்னலோரம் காற்றுப் படும்படி வைத்தேன்.

"என்ன செல்வி, தீப்பிடிச்ச மாதிரி ஓடி வர்ற?" என்று கேட்டார்.

"சூடு பட்டா பேட்டரி கெட்டுப்போகுமுங்க" என்றேன். அதே மேசையில், இதே மாதிரி கவுன்களுக்கடியில், உன் போனை நான் என்ன செய்தேன் என்பது அவருக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பண்டாரவளைக்குத் தைக்க வந்தபோது நம் இரண்டு பேருக்கும் முப்பத்திரண்டு வயது. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் உனக்குக் காது போய்விட்டது என்று முதலாளியம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். எப்படி உன்னோடு பேசுவது என்று நான் கொஞ்சம் பயந்துதான் இருந்தேன். நீ வந்து பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, போனை எடுத்து எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினாய். "நான் தச்சதுல குறை இருந்தா சொல்லுங்க. முகத்தைப் பாத்து சொன்னா போதும், வாயசைவு எனக்குப் புரியும்." உனக்குக் குரல் இருந்தது. அது எவ்வளவு ஏறுகிறது, எங்கே உடைகிறது என்று உனக்கே தெரியாததால் வெளியாட்கள் முன்னால் அதை எடுக்கமாட்டாய். நம் அறையில் மட்டும் சில வார்த்தை பேசுவாய்.

பூனாகலையில் இருக்கும் என் வீட்டுக்கு வாரக் கடைசியில்தான் போவேன். மற்ற நாட்களில் கடைக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறைதான் இருவருக்கும். உன் போன் பழக்கமெல்லாம் அங்கேதான் பார்த்தேன். காலையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும்போது சார்ஜில் போடுவாய். எண்பது காட்டியதும் கழற்றிவிடுவாய். இருபதுக்குக் கீழே இறங்கவிடமாட்டாய். ஏறிக்கொண்டிருக்கும்போது அதைத் தொடமாட்டாய். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கமாட்டாய், வெயில் விழும் ஜன்னலில் வைக்கமாட்டாய். நானோ படுக்கும்போது செருகி, தலையணைக்கடியில் தள்ளிவிட்டு, விடிந்தபிறகு சூடாக எடுப்பவள். ஒரே வருஷத்தில் என் போன் முப்பது காட்டும்போதே அணைந்துபோக ஆரம்பித்திருந்தது. உன்னுடையது என்னுடையதைவிட மூன்று வருஷம் பழையது. காலையில் எண்பதில் கழற்றினால் வேலை முடியும்வரை நிற்கும்.

"போனுக்கு நீ கஞ்சி ஊத்தி வளக்குற" என்று ஒருநாள் உன்னைக் கேலி செய்தேன்.

நீ எழுதினாய்: "உன் போன் அணைஞ்சா உனக்குப் படம் போகும். என் போன் அணைஞ்சா எனக்கு வாய் போகும்."

எழுதிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நான் புரிந்துகொண்டு சிரிக்கவில்லை.

அந்த டிசம்பர் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் திறப்பதற்குமுன் முடிக்க வேண்டிய கவுன்களும் சட்டைகளும் மலைபோலக் குவிந்திருந்தன. குவைத்திலிருக்கும் என் தங்கை முகம் பார்த்துப் பேசவேண்டும் என்று சொல்லியிருந்தாள். என் போன் வழக்கம்போல அணைந்து கிடந்தது. உன்னுடையதைக் கேட்டேன். இருபத்திநாலு இருந்தது. "சார்ஜ் ஏறட்டும், அப்புறம் பேசு" என்று எழுதிக் காட்டி, போனை என் கையில் தந்துவிட்டு, பட்டன் வாங்கக் கீழே போனாய். அது தெரிந்த கடை, உனக்கு அங்கே போன் தேவையில்லை. நான் காத்திருக்கவில்லை. நடைபாதையில் வாங்கிய என் சார்ஜரைச் செருகி, ஏறஏற அரைமணி நேரம் தங்கையின் முகம் பார்த்துப் பேசினேன். முதலாளியம்மா அவசரப்படுத்தியதும் போனை, பிளக்கோடு அப்படியே, தேய்த்த கவுன் அடுக்கின்மேல் வைத்துவிட்டுப் போனேன். மேலே இன்னும் இரண்டு டஜன் அடுக்கப்பட்டது. நீ திரும்பி வந்து தேடி எடுத்தபோது அதைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் போனின் முதுகு எழும்பி நின்றது. மேசையில் வைத்தால் ஆடியது. பஸ் நிலையத்துப் பக்கம் போன் பழுது பார்ப்பவரிடம் இருவரும் போனோம். அவர் விளிம்பை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"பேட்டரி ஊதிருச்சு. இனிமே சார்ஜ் போடாதீங்க, அமுக்கியும் பாக்காதீங்க. இந்த மாடலுக்குக் கொழும்புல இருந்துதான் வரணும். பத்து நாளாகும்."

நீ அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நீ வாய் திறந்து பேசியதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை கிளினிக்" என்றாய்.

உன் நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை என்பதும், பதுளைக்கு மாதாமாதம் போவதும் எனக்குத் தெரியும். எப்போதும் தனியாகத்தான் போவாய். டாக்டர் சிங்களத்தில் பேசுவதை உன் போன் கேட்டு, தமிழில் எழுதிக் காட்டும். நீ தமிழில் எழுதுவதை அவருக்குச் சிங்களத்தில் காட்டும். இத்தனை வருஷமும் உன் நோயைப் பற்றி நடுவில் ஆள் இல்லாமல் நீயே பேசி வந்திருக்கிறாய். அது எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் உறைத்தது. ஏனென்றால் அன்று நடுவில் ஆளாக நான் போனேன்.

என் போனை நூறு வரை ஏற்றி எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். அந்தக் குளிரிலும், மூன்று மணி நேர வரிசையிலும் அது நாற்பதுக்கு வந்துவிட்டது. டாக்டர் பேசத் தொடங்கினார். திரையில் எழுத்து ஓடியது. நீ குனிந்து படித்தாய். வால்வு போன முறையைவிடச் சுருங்கியிருக்கிறது என்று வந்தது. அடுத்து, "மருந்து மட்டும்" என்று வந்தது. அதோடு திரை இருண்டது.

நீ என்னைப் பார்த்தாய். "மட்டும்?" என்று கேட்டாய்.

என் சிங்களம் துணிக்கடையில் விலை பேசும் சிங்களம். டாக்டர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுமில்லை. ஆனால் உன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மருந்து மட்டும் போதுமாம்."

என் உதட்டைப் படித்தாய். அதற்குமேல் என் கண்ணையும் படித்தாய். நான் பொய் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் மேசையிலிருந்த பேனையைக் கேட்டு வாங்கித் தமிழில் எழுதி அவரிடம் நீட்டினாய். அவர் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸைக் கூப்பிட்டார். அந்த அம்மா நல்ல மனுஷி. காது கேட்காதவளுக்குச் சத்தமாகச் சொன்னால் கேட்கும் என்று நினைத்து, உன் தோளைத் தொட்டு உரக்கச் சொன்னார். "மருந்து மட்டும் பத்தாதும்மா. ஆபரேஷன் பண்ணணும். நாள் கடத்தக்கூடாது." வெளியே பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் உனக்குக் கேட்கவில்லை. திரும்பிய தலைகளைப் பார்த்தாய்.

பண்டாரவளைக்குத் திரும்பும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம். ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு மருந்து உறையின் பின்பக்கம் எழுதி என் மடியில் வைத்தாய்.

"போதும்னு ஏன் சொன்ன?"

உன் பக்கம் திரும்பி, உதடு தெரியும்படி சொன்னேன். "எனக்கு அவர் சொன்னது புரியலடி. நீ பயந்துடுவேன்னு..."

நீ உறையை எடுத்து மறுபடி எழுதினாய். பஸ் வளைவுகளில் ஆடியதில் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. "புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. எனக்கு வர்ற பேச்செல்லாம் அடுத்தவங்க கைமாறித்தான் வருது. அதுல நீ கலப்படம் பண்ணாத."

நான் அழுதேன். நீ அழவில்லை. பேட்டரி வரும்வரை மூன்று நாள் என்னோடு எழுத்திலும் பேசவில்லை. கடையில் மற்றவர்கள் உன்னிடம் ஏதோ கேட்பார்கள், நீ தலையை மட்டும் அசைப்பாய், அவர்கள் வேறு யாரிடமாவது போய்விடுவார்கள். மெஷின்களுக்கு நடுவில் நீ உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தபோதுதான், வாய் போகும் என்று நீ எழுதியது என்ன என்று எனக்குத் தெரிந்தது.

புதுப் பேட்டரி போட்டு வந்த அன்று நீ எழுதிய முதல் வாக்கியம் என்னைப் பற்றியதுதான். "உன் போனைக் குடு." வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். "இதுவும் சாகக் கிடக்கு. மாத்திரு." மாற்றினேன். நடைபாதை சார்ஜரை நீயே வெட்டி எறிந்தாய். அதற்குப்பிறகு காலையில் இரண்டு போனும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். கிளினிக் நாளில் மட்டும் நூறு வரை விடுவாய். அது ஏன் என்று கேட்டதற்கு, "இத்தனை நாளு பாத்துப் பாத்து வச்சது இன்னைக்கு மாதிரி நாளுக்குத்தானே" என்று எழுதினாய். அந்த நாட்களில் நானும் உன்னோடு வருவேன். நடுவில் பேசமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஆபரேஷன் வெளியூர் ஆஸ்பத்திரியில் நடந்தது. உன் அண்ணனும் நானும் வந்திருந்தோம். உள்ளே கொண்டுபோகும்முன் போனை என்னிடம் தந்து, குரலாலேயே சொன்னாய். "அறுபத்தெட்டு இருக்கு. கண்ணு முழிச்சதும் குடு." மூன்றாம் நாள் கண் விழித்தாய். தொண்டையில் குழாய் இருந்தது. விரலை அசைத்துப் போனைக் கேட்டாய். நர்ஸ் தலையாட்டியதும் உன் கையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினாய். "தண்ணி." அப்புறம், "எத்தன நாளாச்சு?" மூணு என்று விரலைக் காட்டினேன். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தொண்டையில் குழாய். மற்றவர்கள் கண்ணால் கெஞ்சிக்கொண்டு கிடந்தார்கள். நீ ஒருத்திதான் வேண்டியதைச் சொல்லிக் கேட்டாய். எந்தப் பக்கம் வலிக்கிறது, எந்த ஊசி போட்டால் குமட்டுகிறது என்று எழுதிக் காட்டினாய். நர்ஸ் உன்னிடம் எழுதியே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு நாள் அப்படிப் பேசினாய். பிறகு காய்ச்சல் வந்தது. அவர்கள் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். பதினோராம் நாள் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் அண்ணன் கடைக்கு வந்தார். போனை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "வீட்டுல இத பாக்க முடியலங்க. நீங்களே வச்சுக்கங்க" என்றார். நான் அதைப் பாவிக்கவில்லை. சும்மா வைக்கும் போனை முழுக்க ஏற்றியும் வைக்கக்கூடாது, முழுக்க இறங்கவும் விடக்கூடாது, பாதியில் அணைத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்று பழுது பார்ப்பவர் சொன்னார். பண்டாரவளையில் குளிர்ச்சிக்கென்ன குறை. அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜில் போடுவேன். நாற்பது, நாற்பத்தொன்று காட்டும். ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே ஏறியதும் கழற்றுவேன்.

ஏறி முடிந்து, அணைப்பதற்குமுன் கொஞ்ச நேரம் படிப்பேன். நீ எங்களிடம் எழுதிக் காட்டியதை ஒருநாளும் அழித்ததில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒன்றின்கீழ் ஒன்றாக எல்லாம் இருக்கிறது. உன் பக்கம் மட்டும். நான் வாயால் சொன்னதெல்லாம் அதில் இல்லை.

"ரெண்டு பட்டன் போதும்." மூணு வைக்கணும், பிள்ளைங்க இழுப்பாங்க என்றேன் நான்.

"ஜன்னலைச் சாத்து, குளிருது." சாத்தினேன்.

"உன் தங்கச்சி ஏன் அழுவுது?" சம்பளம் தரலையாம், அடுத்த மாசம் வந்துடுவா என்றேன்.

படிக்கப்படிக்க என் பதில்கள் தானாக வாய்க்கு வருகின்றன. கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, உதடு தெரியும்படியே சொல்கிறேன். எந்த நாள், எந்தத் துணி தைத்துக்கொண்டிருந்தோம் என்பதுகூட நினைவு வருகிறது.

போன முறை ஒரு வரியில் நின்றுவிட்டேன். "நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல." அதற்கு மேலே கேள்வி இல்லை. குரலால் கேட்டிருப்பாய் போலிருக்கிறது. ஒரு வாரமாக யோசித்துப் பார்த்தேன். நீ என்ன கேட்டாய் என்று எனக்குத் தெரியவில்லை.