நீலமீன் கிண்ணம்

மக்காவ்,
5 நவம்பர் 2023

அன்புள்ள லான்,

நலமா? மூட்டு வலி தேவலையா? போன் செய்தால் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் யீமான் செய்த கலைப்படைப்பை எங்கள் ஓட்டலின் மூன்றாவது மாடியில் வைத்திருக்கிறார்கள். கீழே சூதாட்டக் கூடம், மேலே நம் பெண்! அப்படி என்னதான் செய்திருக்கிறாள் என்று கேட்டால், "முதல்ல அம்மா பாக்கட்டும்ப்பா, அப்புறம் நீங்க" என்கிறாள். பெற்ற பெண்ணுக்காக ஒரு நாள் ஹாங்காங்கிலிருந்து கப்பல் ஏறி வாயேன்.

இன்னொன்று. இந்த வருஷத்தோடு எனக்கு இங்கே சமையலறை வேலை முடிகிறது. கூட வேலை செய்யும் கியுங், தன் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது என்கிறான். அங்கே போய்விடட்டுமா, வீட்டுக்கு வரட்டுமா? நீ சொல்கிறபடி.

உன்,
விங்ஃபாய்


ஹாங்காங்,
12 நவம்பர் 2023

கிழவருக்கு,

மூட்டு வலி என்னோடேயே இருக்கிறது. அதுவாவது விட்டுவிட்டுப் போகவில்லை.

"ரெண்டே வருஷம், சட்டுனு வந்துடுவேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது நீங்கள். போய் ஒன்பது வருஷம். நடுவில் நோய் வந்து எல்லையை மூடினார்கள், சரி. திறந்த பிறகு என்ன கேடு? இப்போது கட்டில் எங்கே போடுவது என்று என்னைக் கேட்கிறீர்களா? அதற்கு இப்போது பதில் கிடையாது.

யீமானுக்காக வருகிறேன். ஆனால் நீங்கள் என் கண்ணில் படக் கூடாது. சமையலறையை விட்டு வெளியே வந்தீர்கள் என்றால், அடுத்த கப்பலில் திரும்பிவிடுவேன்.

லான்


ஹாங்காங்,
27 நவம்பர் 2023

கிழவருக்கு,

போய் வந்தேன். கப்பலில் வாந்தி, அதைச் சொல்ல வேண்டாம். இறங்கியதும் தைப்பாவில் ஒரு கடையில் பன்றி வறுவல் வைத்த பன் சாப்பிட்டேன். அடடா, உயிர் வந்தது! அப்புறம் போர்த்துகீசியர் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உப்புக் கருவாட்டு உருண்டை. தனியாக உட்கார்ந்து தின்னும் கிழவியைப் பார்த்து அந்தப் பையன் இன்னும் ரெண்டு உருண்டை கொண்டுவந்து வைத்தான். விடுவேனா?

உங்கள் ஓட்டலில் கலைப்படைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் சூதாட்ட மேசைகளைத் தாண்டித்தான் போக வேண்டுமாம். என்ன புத்தியோ! மேலே ஒரு கூடம் முழுக்க உடைந்த குடைகள், நம் பெண்ணின் வேலை என்றே நினைத்தேன். கூரையிலிருந்து தொங்கவிட்டு, மின்விசிறி வைத்து மூச்சுவிடுகிற மாதிரி அசைய விட்டிருக்கிறார்கள். குப்பையைப் போய் கலை என்கிறார்களே என்று சிரித்துக்கொண்டேதான் நுழைந்தேன். கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனென்று தெரியவில்லை, கண் கலங்கியது.

இனிதான் கூத்து. "மூணாவது மாடி சாப்பாட்டுக் கடைக்கு வந்துடும்மா, மேசை சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் உங்கள் மகள். போனேன். வெள்ளையடித்த அறை, நடுவே வட்ட மேசை, மூன்று நாற்காலி, மூன்று கிண்ணம். மூன்றாவது, வீட்டில் நீங்கள் சாப்பிடும் நீலமீன் கிண்ணம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பனும் மகளும் சேர்ந்து என்னை ஏமாற்றி உட்கார வைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

உட்கார்ந்ததும் கை சும்மா இருக்குமா? சாப்பிடுமுன் எல்லார் கிண்ணத்தையும் அலசி வைப்பது நம் வழக்கம்தானே. பரிசாரகன் வரக் காணோம். என் பிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரை ஊற்றி மூன்றையும் அலசினேன். உங்கள் கிண்ணத்தில் அப்படியொரு தூசி! தேய்த்துத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினேன். அப்புறம் காத்திருந்தேன். வாசலில் நாலு பேர் நின்று என்னைப் படம் பிடித்தார்கள்.

யீமான் ஓடி வந்தாள். "ஐயோ அம்மா! சாப்பாட்டுக் கடை எதிர்க் கதவு! குடையெல்லாம் வேற யாரோடதோ, இதுதான் என் படைப்பு! அந்தத் தூசிதாம்மா படைப்பே! ஒன்பது வருஷத் தூசி, நம்ம வீட்டு அலமாரியிலேருந்து பொத்திப் பொத்தி எடுத்துட்டு வந்தேன்!"

"தூசி புடிச்ச கிண்ணத்துல உங்கப்பா எப்படிடி சாப்பிடுவாரு?" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்க் கடையில் சாப்பிட்டோம். இறால் கொழுக்கட்டை தோல் கிழிந்திருந்தது. நல்லவேளை, அது நீங்கள் செய்ததாக இருக்காது.

லான்


மக்காவ்,
4 டிசம்பர் 2023

அன்புள்ள லான்,

அது நான் செய்ததுதான்.

மேலே நீ இருக்கிறாய் என்று தெரியும். காலையிலிருந்து எந்தக் கொழுக்கட்டையை மடித்தாலும் கிழிந்தது. கியுங் கூட, "அண்ணே, நீங்க நகருங்க, நான் மடிக்கிறேன்" என்றான். உனக்குப் போகிற கொழுக்கட்டைக் கூடையை இன்னொருவன் கையில் கொடுக்க மனசு வரவில்லை. கிழித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "அப்புறம் காத்திருந்தேன்." யாருக்காகக் காத்திருந்தாய் லான்? கண்ணில் படக் கூடாது என்று நீ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நான் அடுப்படியிலேயே நின்றேன். என்னைப் போல மடையன் உலகத்தில் உண்டா?

கியுங் பதில் கேட்கிறான். நான் இன்னும் சொல்லவில்லை.

உன்,
விங்ஃபாய்


ஹாங்காங்,
10 டிசம்பர் 2023

கிழவரே,

மடையன் என்பதை இப்போதாவது ஒப்புக்கொண்டீர்களே, சந்தோஷம்.

தூசியில்லாமலே காட்சி நடக்கிறதாம். மூன்றாவது இடத்தில் கிண்ணம் இருந்த ஈர வட்டம் மட்டும் மேசையில் கறையாக இருக்கிறதாம். முன்னைவிடக் கூட்டமாம். ஆனாலும் யீமான் விடவில்லை, "கிண்ணத்தையாவது திருப்பிக் குடும்மா" என்று தினமும் போன் செய்கிறாள். அன்றைக்கே கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

தர முடியாது, வீட்டில் சாப்பிட ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

கியுங்கிடம் சொல்லிவிடுங்கள், கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கட்டும்.

உங்கள்,
லான்