மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி

பாலா,
துலாம் மாதம், மழை நாள்.

அன்புள்ள ஜிஸ்மோளுக்கு,

உன் சாச்சன், உன்னைப் பெற்ற அப்பன், எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். கடல் தாண்டி கால்வேயில் நீயும் டோஜனும் குழந்தையும் சுகமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் கண்ணாரப் பார்த்தோம், அது அப்படியே நிலைக்கட்டும் என்று அம்மா சாயங்காலப் பிரார்த்தனையில் ஒரு ஜெபம் கூட்டிச் சொல்கிறாள். துலா மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் வரை வெயில், பிறகு இடி. ரப்பர் பால் வெட்டு நின்றுவிட்டது. அம்மாவின் முழங்கால் தேவலை, மாடி ஏறாதே என்றால் மட்டும் கேட்பதில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் என் முகம் இனித் தெளிவாகத் தெரியும். அதுதான் சிக்கல். இத்தனை நாள் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்த முகத்துக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடிந்தது. சில விஷயங்களை முகம் இல்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் மாமனாரைப் பற்றித்தான். குரியாச்சன் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் மார்க்கெட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மீன்காரனுக்கும் கேட்கும்படி, "குட்டனுக்கு மேல்பல் ரெண்டு வந்தாச்சு, பாத்தீங்களா சாரே?" என்று கேட்பார். பார்த்தேன் என்பேன். நான் பார்த்தது ஒரு வெள்ளைக் கட்டம். அது பல்லா, பால்புட்டியா, உன் வீட்டுச் சுவரா என்று எனக்குத் தெரியாது. அவர் விரலைச் சொடுக்கினால் குழந்தை சிரிக்கிறானாம். நான் சொடுக்கினால் சத்தம் முன்னால் போகிறது, விரல் பின்னால் போகிறது. நீகூட ஒருநாள் சிரித்தாயே, சாச்சன் முகம் கப்பைக்கிழங்கை நறுக்கிப் போட்ட மாதிரி இருக்கு என்று. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு நெடுநேரம் கண்ணாடி முன்னால் நின்றேன். குழந்தை என்னைப் பார்த்து அழுதிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சும்மா பார்த்தான். ஒரு கதவைப் பார்ப்பதுபோல. அப்பச்சன் என்றால், தாத்தா என்றால், அவனுக்கு ஒரே ஒரு முகம் என்று பதிந்துவிடும், அந்த முகத்துக்குப் பெரிய மீசை இருக்கும், அது என் முகமாக இருக்காது. இந்த நினைப்போடுதான் வகுப்பில் போய்ப் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் வீட்டு இன்டர்நெட் இணைப்பை மாற்றினேன். முன்னைவிட நாலு மடங்கு வேகம் என்றார்கள். புது வைஃபை பெட்டி வந்தது. நான்கு கொம்புகள், வண்டு மாதிரி. மாட்ட வந்தவர், மாடியில் உன் அறையில் இருக்கும் பழைய பெட்டியைக் காட்டி, இது இனி வேணுமா என்று கேட்டார். நர்சிங் படிக்கும்போது நீ வாங்கி மாட்டியது. இருக்கட்டும் என்றேன். அதற்கும் ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு நீ பேசினாய். அதே கப்பைக்கிழங்கு. பெட்டியை அணைத்துப் போட்டேன். ஷோகேஸுக்குள்ளிருந்து எடுத்துச் சன்னலோரம் வைத்தேன். பிறகு திருஇருதயப் படத்துக்குக் கீழே, சிவப்பு பல்பு எரிகிற பலகையில் வைத்தேன். "இனிமே அதுக்கும் முட்டி போடணுமா?" என்றாள் அம்மா. கம்பெனிக்கு போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, கடைசியில் ஒரு பெண் வந்தாள். அங்கிருந்தே சோதித்துப் பார்த்துவிட்டு, "லைன் உங்க பெட்டி வரைக்கும் முழுசா வருது சார், அதுக்கப்புறம் உங்க வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியாது" என்றாள். எனக்கும் தெரியவில்லை. குரியாச்சன் வீட்டில் எந்தத் திட்டம் என்று ஜாடையாக விசாரித்தேன். இருப்பதிலேயே சின்னது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிறு என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். நீ திரையில் இருந்தாய். இந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன். மத்தியானம் குரியாச்சன் ஒரு பூவன் தாரைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தார். அவர் உட்காருவதற்குள் இடி முழங்கியது. அம்மாவைத் தெரியுமே. டிவி, ஃப்ரிட்ஜ், மோட்டார், கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி, ஒன்று விடாமல் பிடுங்கிப் போட்டாள். மூன்று பேரும் வெறும் வீட்டில் உட்கார்ந்து பழம் தின்றோம். இடி ஓய்ந்ததும் கீழே இருப்பதை மட்டும் முதலில் மாட்டினாள். மேலே பிறகு பார்த்துக்கொள்ளலாம், கால் வலிக்கிறது என்றாள். அப்போது உன் அழைப்பு வந்தது. என் போனுக்கு. நான் வாழைப்பழக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குரியாச்சன் எடுத்துவிட்டார். "எடா குட்டா, உன் சாக்கோ அப்பச்சன் வீட்லேர்ந்து பேசறேண்டா!" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். ஜிஸ்மோளே, கண்ணாடி மாதிரி இருந்தது. குழந்தையின் கன்னத்தில் ஒட்டியிருந்த கஞ்சிப் பருக்கை தெரிந்தது. மேல்பல் இரண்டும் தெரிந்தன. என் வீட்டில், என் போனில், நான் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் முதல்முறையாக ஒரு முகம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அது அவருடைய முகம். குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தான்.

அப்போது எனக்குள் என்ன ஓடியது என்று எழுத மாட்டேன். நீ ஊகித்துக்கொள்.

பிறகு அவர் மழையில் நனைந்த மாங்கோஸ்டீன் மரத்தைக் குட்டனுக்குக் காட்டுகிறேன் என்று போனோடு மாடி ஏறினார். அம்மா அதற்கு முன்பே ஏறிப் போய் மேல்பெட்டியை மாட்டிவிட்டிருந்தாள். கடைசிப் படியில் படம் உடைந்தது. நீ பாதி வாயோடு நின்றாய். எனக்கு, சொன்னால் தப்பாக நினைக்காதே, கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அவரும் கட்டம் கட்டமாக உடைந்தார் அல்லவா. அவர் கீழே இறங்கி வந்தும் படம் சேரவில்லை. "லிஸியே, மேல என்ன பண்ணின?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். ஒண்ணும் பண்ணல, உங்க மருமக பெட்டியை மாட்டினேன் என்றாள் அம்மா. குரியாச்சன் என் போனைத் தட்டி, அது எந்தப் பெட்டியின் பேரைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "ஜிஸ்மோள் ரூம், நோ என்ட்ரி" என்று சத்தமாக வாசித்தார். "புதுசு கீழ சும்மா கெடக்கு. சாரோட போன் மாடியேறி மக ரூம் வாசல்ல நிக்குது. அதுவும் நோ என்ட்ரின்னு போட்டிருந்தும்! மகளைக் கட்டிக் குடுத்தாச்சு, ரூமைக் கட்டிக் குடுக்கலையா சாரே?" என்றார். அம்மாவும் சிரித்தாள். விஷயம் அவ்வளவுதான். போன் பழகிய பேரைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் நாலு மடங்கு வேகம் இருந்தாலும் அதற்குத் தெரிவதில்லை.

நானும் சிரித்திருப்பேன். அவர் அதோடு நிறுத்தியிருந்தால். "எங்க வீட்டுப் பெட்டிக்கு அவ வச்ச பேரு என்ன தெரியுமா? எங்க வீடு. வந்த மூணாம் நாளே மாத்திட்டா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார், குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. உன் பதினேழு வயதில் எனக்கும் அம்மாவுக்கும் நோ என்ட்ரி. கல்யாணமாகி மூன்றாம் நாள் அவர்களுக்கு எங்க வீடு. புகுந்த வீட்டில் அப்படித்தான் வைக்க வேண்டும், நல்ல பெண் அப்படித்தான் வைப்பாள், நான்தான் அப்படி வளர்த்தேன். எல்லாம் தெரியும். தெரிந்தும் ஆற மறுக்கிறது. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பயலுக்கு உங்க மூக்குதான் சாரே, அப்படியே அச்சு. என் வீட்ல யாருக்கும் இந்த மூக்கு இல்ல" என்றார். சமாதானத்துக்குச் சொன்னதுதான். அதையும் அவர்தான் முதலில் பார்த்திருக்கிறார்.

அவர் போன பிறகு உன் அறைக்குப் போனேன். பழைய பெட்டியைக் கழற்றினேன். நீ போனதிலிருந்து அது ஒரு பச்சை விளக்கோடு அங்கே விழித்திருந்தது. வேகத்துக்காக அதை வைத்திருக்கவில்லை என்று கழற்றும்போது தெரிந்தது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கிறது. பெட்டியைத் துடைத்து உன் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

புதுப் பெட்டிக்குக் கம்பெனி போட்ட எண்தான் இன்னும் பேர். குரியாச்சன் அன்றைக்கே, சொல்லுங்க சாரே, நான் மாத்தித் தர்றேன் என்று போனை நீட்டினார். வேண்டாம் என்றேன். மூத்தவனுக்கு அப்பன் வழி அப்பச்சனின் பேர் என்பது வழக்கம். ஞானஸ்நானத்தன்று எங்கள் திரையில் படம் நின்றுபோயிருந்தது, அவருடைய முழுப்பேரை, குரியாக்கோஸ் என்று, பாதிரி அச்சன் சொன்னது மட்டும் கேட்டது. உறைந்த படத்தைப் பார்த்து ஆமென் சொன்னேன். வழக்கத்தில் எனக்குக் குறை இல்லை. இரண்டாவது பிள்ளைக்கு யாருடைய பேர் என்று நான் ஞாபகப்படுத்தவும் மாட்டேன், அம்மா திட்டுவாள். ஆனால் இந்தப் பெட்டிக்கு நீ பேர் வை. எங்க வீடு என்பது அக்கரைக்குப் போய்விட்டது, வேறு யோசி. எதுவாக இருந்தாலும், ஒருநாள் நீ படியேறி வரும்போது உன் போன் கேட்காமலே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காற்று அடிக்கும்போது குழந்தைக்குத் தொப்பி போடாமல் வெளியே எடுக்காதே. இரவு டூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. டோஜனிடம் அன்பு சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும், நாங்கள் எட்டாத தூரத்தில் அவர் எட்டட்டும். இந்தக் கடிதத்தை மாமனாரிடம் காட்டாதே. வரும் ஞாயிறு முதலில் இங்கே கூப்பிடு, பிறகு அங்கே. நான் காலைக் குர்பானா பூசைக்கே போய்விட்டு வந்து, சவரம் செய்துகொண்டு, சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பேன். குழந்தையிடம் எதுவும் சொல்லித் தராதே. போனை மட்டும் நேராகப் பிடி. அவன் என் மூக்கைப் பார்க்கட்டும்.

உன் சாச்சன்,
சாக்கோ