மீன் விற்கிற நேரத்தில் கூப்பிட்டால் யார் வருவார்கள்

திருவொற்றியூர் குப்பம்
மே 24

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் நைனா, உன் மாமன் ராமதாஸ், அவன் வயிற்றுக்குள் இருக்கும் என் கிட்னி, நாலு பேரும் சுகம். அந்தக் கிளாஸ்கோ குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்களுக்குக் கவலை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன வாரம் போனில் நீ அழுதுவிட்டாய். அழுகிறவளோடு சண்டை போட எனக்கு வராது. காகிதத்தில் எழுதினால் நீ அழுதாலும் எனக்குக் கேட்காது, நானும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பேன்.

உன் மாமனுக்கு நான் கிட்னி கொடுத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அப்போது நீ டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, இனிமேல் கிட்னியைத்தான் படிக்கப்போகிறேன் என்று என்னிடம் சொன்னாய். சொன்னபடி படித்தாய், சீமைக்குப் போனாய், கிட்னி கொடுத்தவர்கள் பிற்பாடு எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாய். இதைத் தேரடி மார்க்கெட்டில் நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், உன் ஆராய்ச்சிக்கு இங்கே ரத்தமும் சிறுநீரும் எடுத்துத் தருகிற ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்ததே, அதில் என்ன இருந்தது தெரியுமா. அன்புள்ள பங்கேற்பாளர் எண் நாற்பத்தொன்று என்று இருந்தது. சரி, பெயரை மறைப்பது உங்கள் சட்டம் என்று விட்டுவிட்டேன். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரவும் என்று இருந்ததே, அதை எப்படி விடுவது. விடியுமுன்னே காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஏழு மணிக்குத் தேரடியில் கூடை இறக்குகிறவள் நான். அந்த நேரத்தில் மீனை யாரிடம் கொடுத்துவிட்டு வருவது. அதனால் போகவில்லை. போனில் நீ ஒவ்வொரு தடவையும் போனாயா போனாயா என்று கேட்டாய், நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்றேன். ஏன் போகவில்லை என்று ஒரு தடவை கேட்டாயா. கேட்கவில்லை. உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. இத்தனை வருஷமாக இந்தத் தெருவில் எல்லாரும் என்னிடம் கேட்பது, தம்பிக்கு எப்படி இருக்கிறது என்றுதான். உனக்கு எப்படி என்று கேட்டவர் இல்லை. வாங்கிக்கொண்டவனோ தொந்தியும் தொப்பையுமாக இருக்கிறான். ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொன்னால், உன் கிட்னி வெயிட்டு தாங்காதுக்கா என்கிறான்.

போன மாதம் ராமதாஸ் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நீ எழுதிய கட்டுரையாம், அதைப் போனே தமிழாக்கித் தருகிறதாம். யக்கா, நம்ம கதை சீமைல ஓடிகினு கீது, படிச்சுப் பாரு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். மீன் சுற்றுகிற பழைய பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். வேகமாக வராது, ஆனால் ஒரு எழுத்தை விடமாட்டேன். நடுவிலே வந்தது அந்த வரி. வடசென்னைக் கடலோரப் பகுதியில் கொடையாளர்கள் பலர் பரிசோதனைக்கு வரவில்லை, விழிப்புணர்வுக் குறைவே காரணம் என்று. அடி என் மகளே. இரண்டு மணிக்கு எழுந்து ஓடுகிற எங்களுக்கா விழிப்புணர்வு இல்லை. உன் நைனா வலையை முடிந்துகொண்டே, குழந்த எதோ எழுதிட்சு, வுடு செல்லம்மா என்றார். நான் விடுகிற ஆளா.

மறுநாளே கிளம்பினேன், சண்டைக்கு. தடைக்காலம், பெரிய போட் எதுவும் கடலுக்குப் போகாது, கூடையும் சும்மா கிடந்தது. துணைக்கு, தேரடியில் எனக்குப் பக்கத்தில் கூடை இறக்குகிற மலரைக் கூட்டிக்கொண்டேன். அவளும் கொடுத்தவள்தான், புருஷனுக்கு. அவளுக்கு வந்த கடிதம் அடுப்பு பற்றவைக்கப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உன் ஆராய்ச்சிக்கு ஆள் பார்க்கிற டாக்டர் ஒரு சின்னப் பெண், சங்கமித்ரா என்று பெயர், வியாசர்பாடிப் பிள்ளை. நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, எங்கே அந்த வரியை எழுதியவர்கள் என்று ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. யம்மா, நல்லா சண்ட போடு, அதுக்கு முன்ன கைய நீட்டு, பிரஷர் பாத்துக்கலாம், சண்ட போட்டப்புறம் பாத்தா ஏத்திக் காட்டும் என்றாள். கையை நீட்டிவிட்டேன். சண்டைக்கு முன்னாலேயே ஏறித்தான் இருந்தது. அப்புறம் ரத்தம் எடுத்தாள், எனக்கு ஒன்றும் மலருக்கு ஒன்றுமாக வெள்ளை கேன் கொடுத்தாள். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்து, சூடு படாமல் குளிர்ச்சியாக வைத்து எடுத்துவர வேண்டுமாம்.

இந்தக் குப்பத்தில் குளிர்ச்சிக்கா பஞ்சம். உன் நைனா மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, ஐஸ் உடைத்துப் போட்டு, இரண்டு கேனையும் நண்டு அடுக்குகிற மாதிரி அடுக்கித் துணி போட்டு மூடிக் கொடுத்தார். ராமதாஸைத்தான் தூக்கவைத்தேன். இது என் ஒரு கிட்னி போட்ட தண்ணீர், உன்னிடம் இருக்கிற இன்னொன்றா தாங்காது என்றேன், பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்த அம்மாள் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில், இன்னாக்கா மீனு, வஞ்சரமா, ஒரு கிலோ போடேன் என்று மூடியில் கை வைத்துவிட்டாள். மலர் அசராமல், இது வூட்டுக்குப் புட்ச்ச மீனும்மா, விலைக்கு இல்ல என்றாள். இறங்கும்வரை ராமதாஸுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிற்று.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன், கொடுத்தவர்கள் அத்தனை பேரும் பொம்பளைகள். அம்மா, பெண்டாட்டி, அக்கா. ஆம்பளை என்று ஒரே ஒருவர், ராயபுரத்து ரஷீது பாய், தன் மனைவி உஸ்மாவுக்குக் கொடுத்தவர். மலர் எழுந்து அவருக்கு இடம் விட்டாள். பாய், நீ உக்காரு, உன்ன மாதிரி ஆள மியூசியத்துல தான் பாக்கணும் என்றாள். உஸ்மா விடவில்லை. ஏத்தி வுடாதக்கா, இப்பவே கொழம்புல உப்பு கம்மின்னா, கிட்னி குடுத்தவனுக்கு உப்பு குடுக்க மாட்டியான்றாரு என்றாள். ஆஸ்பத்திரி என்பதே மறந்துபோய்ச் சிரித்தோம்.

ஆனால் ரிசல்ட் வந்த அன்று சிரிப்பு இல்லை. மலருக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான், ஒற்றைக் கிட்னி புரதத்தை ஒழுகவிடுகிறது என்றாள் சங்கமித்ரா. இன்னா மாத்திரை போட்டுகினு கீற என்று கேட்டாள். சுருக்குப்பையிலிருந்து முட்டிவலி மாத்திரையை எடுத்துக் காட்டினேன். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி நாலு வருஷமாகத் தினமும் போடுவது. அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். மிச்சம் கீற ஒன்ன இத்தப் போட்டுக் கெடுத்துகினு கீறியேம்மா என்றாள். முட்டி வலிப்பது உனக்கா எனக்கா என்று கேட்டேன். வலி எனுக்கு இல்ல, ஆனா கிட்னியும் உனுக்கு ஒண்ணுதான் கீது என்றாள். வாசலில் நின்ற ராமதாஸ் முகம் செத்துப்போயிற்று. உள்ளே வந்து, டாக்டரம்மா, வாங்கினத்த திருப்பிக் குடுக்கற வழி எதுனா கீதா என்று கேட்டான். அத்தனை வருஷக் கோபமும் எனக்கு அந்த இடத்தில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வச்சுக்கடா, உன்னாண்ட நல்லாத்தான் கீது என்றேன். அன்றிலிருந்து காலையில் தன் மாத்திரையைப் போட்ட கையோடு என் வாசலுக்கு வந்து, உனுக்கு எப்டிக்கா கீது என்று கேட்கிறான். நான் கேட்கச் சொல்லவில்லை.

வலி மாத்திரையை நிறுத்திவிட்டேன். அவள் கொடுத்த பிரஷர் மாத்திரையைப் போடுகிறேன், கருவாட்டையும் குறைத்திருக்கிறேன், விட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். நேற்று மறுபடி பார்த்ததில் பிரஷர் இறங்கிவிட்டது, ஒழுகலும் பாதியாகிவிட்டது. சங்கமித்ரா என் கையைத் தட்டி, தப்பிச்சிட்ட என்றாள். ஆகவே போனில் நீ சொன்னாயே, பெற்ற தாயைப் பார்க்காத நான் என்ன ஆராய்ச்சிக்காரி, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று, அந்தப் பேச்சை இத்தோடு விடு. பயந்துகொண்டு இங்கே வராதே. என் கோளாறைக் கண்டுபிடித்தது உன் ஆராய்ச்சிக்கு வைத்த கேன்தான். அது இல்லாவிட்டால் நான் இன்னும் அந்த மாத்திரையைத்தான் விழுங்கிக்கொண்டிருப்பேன். வருவதானால் லீவு போட்டுவிட்டுத் திருவிழாவுக்கு வா, நண்டுக் குழம்பு வைக்கிறேன், தின்றுவிட்டுத் திரும்பிப் போய் வேலையைப் பார்.

ஆனால் அந்த வரியை நான் மன்னிக்கவில்லை. அதை மாற்று. கொடுத்தவர்கள் வராததற்கு விழிப்புணர்வு காரணம் இல்லை, அவர்கள் மீன் விற்கிற நேரத்தில் கூப்பிட்டோம், ஏன் வரவில்லை என்று ஒருவரையும் கேட்கவில்லை என்று எழுது. தடைக்காலத்தில் கூப்பிடு, மற்ற நாளில் மதியத்துக்கு மேல் கூப்பிடு. வெறும் வயிறு கட்டாயம் என்றால் தடைக்காலம்தான். இதை நான் சங்கமித்ராவிடம் சொல்லி, அவள் அப்படியே செய்து, இந்த ஒரு மாதத்தில் எர்ணாவூரிலிருந்துகூட ஆட்கள் வந்துவிட்டார்கள், வேண்டுமானால் அவளைக் கேள். இன்னொன்று. எடுத்த ரத்தத்துக்கு என்ன பதில் என்று கொடுத்தவளுக்குத் தமிழில் சொல்லிவிட்டு அப்புறம் உங்கள் புத்தகத்தில் போடுங்கள். முதலில் அவளுக்கு, பிறகுதான் ஊருக்கு. இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரவில் கண் விழித்து எழுதாதே, தண்ணீர் குடி, ஊருக்கெல்லாம் அதைச் சொல்கிறவள் நீ குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். வடிவுடையம்மன் உன்னைக் காக்கட்டும், உன் கை பட்டவர்கள் எல்லாரும் பிழைத்து நீடூழி இருக்கட்டும். நைனா ஆசி சொல்லச் சொன்னார். மறந்துவிடாதே, வரியை மாற்றி அனுப்பு, தேரடியில் மலருக்கு நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்காட்ட வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
செல்லம்மா

உங்கள் கணக்கில் நாற்பத்தொன்று. இனி என்னை வந்தவர்கள் பட்டியலில் எழுதிக்கொள்.