ரெண்டு பேருக்கு என்று பார்த்த வீடு

காலையில் கதவைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை படிக்கட்டு முழுக்க இறங்கி வந்தது. மேல்தொட்டி கழுவுகிறார்களாம், சாயங்காலம் வரை குழாயில் தண்ணீர் வராதாம். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நீ. தொட்டி கழுவும் நாளில் அங்கேயும் இந்த வாசனைதான் அடிக்கும் என்பாய். "இந்த வாசனை வந்துச்சுன்னா அன்னிக்கு எங்கம்மா குளி குளின்னு உசுர எடுக்க மாட்டாங்க, அதனால எனக்குப் பிடிக்கும்டி" என்று சிரிப்பாய். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தும்மல் வந்தது, தும்மினேன், குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இப்போதெல்லாம் நான் இப்படித்தான்.

உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நாம் பார்த்து வைத்த அம்பத்தூர் ஓ.டி. வீட்டை வாங்கிவிட்டேன். பதிவு முடிந்து, பால் காய்ச்சி, குடியும் வந்தாயிற்று. பால் பொங்கியபோது புரோக்கர்தான் பக்கத்தில் நின்று கை தட்டினார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பொங்கிய பாலைத் துடைத்தேன்.

வீடு பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் என் வயிறு இன்னும் தளும்புகிறது. போகிற வீட்டிலெல்லாம் "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்பாய். கேன் தண்ணீரைக் கொண்டு வந்தால், "எதுக்குங்க, குழாய்த் தண்ணியே குடுங்க" என்பாய். அவர்கள் முகம் போகிற போக்கிலேயே உன் தீர்ப்பு முடிந்துவிடும். நானும் கூடச் சேர்ந்து எல்லா வீட்டிலும் குடித்துத் தொலைத்தேன். அயனம்பாக்கத்தில் ஏரிக் காற்று வீசிய வீடு எனக்குப் பிடித்திருந்தது. நீ குனிந்து சுவரின் அடியைத் தடவிப் பார்த்தாய். "நீ காத்து வாங்க வந்தியா, வீடு வாங்க வந்தியா? ஊறிப் போய்க் கிடக்கு" என்று என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாய். குமணன்சாவடி வீட்டில் லாரிச் சத்தத்தில் புரோக்கர் சொன்ன விலையே நமக்குக் கேட்கவில்லை.

உன் அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளை நீ மறக்கவே இல்லை. "காலி பண்ணுன்னு யாரும் சொல்லாத வீடு. அது போதும் எனக்கு" என்பாய். லிஃப்ட் இல்லாத, மார்க்கெட் இரைச்சலும் பஸ் ஹாரனும் நேராக உள்ளே வருகிற இந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்து நான் முகம் சுளித்தேன். நீ விடவில்லை. "பழசுன்னா நிலத்துல பங்கு ஜாஸ்திடி. கட்டடமே போனாலும் மண்ணு நம்மளுது."

பேங்கில் அந்த அதிகாரி, "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" என்று கேட்டார். "வருஷக்கணக்கா ஒரே குக்கர்ல சாப்பிடறோம் சார்" என்றாய். மனுஷன் சிரித்துவிட்டு, அதையெல்லாம் எழுத இடமில்லை என்றார். அதனால்தான் லோன் என் பேரில் மட்டும் போனது. அதனால்தான் நீ இல்லாமலும் இந்த வீட்டை வாங்க முடிந்தது.

அட்வான்ஸ் கொடுத்த கையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் வந்தாய், நடந்து திரும்பவில்லை. அப்புறம் உன் அண்ணன் வந்து திருவண்ணாமலைக்குக் கொண்டு போனார். அங்கே யாரோ என்னைக் காட்டி விசாரித்தபோது, "தங்கச்சிகூட வேலை செய்யறவங்க" என்றார். நல்ல மனுஷன், வேறென்னதான் சொல்லுவார்? நான் ஆபீஸ்காரர்களோடு ஓரமாக நின்றேன். அவர்கள் வேனிலேயே திரும்பினேன். கோவில்பதாகை வாடகை வீட்டுக்கு வந்து, அதே குக்கரில் ஒரு ஆளுக்குச் சோறு வைத்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன்.

இந்த வீட்டை விற்றவர் போகும்போது, "ரெண்டு பொம்பளைங்க வர்றாங்க, தங்கமானவங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கீழ் வீட்டில் இட்லிக்கடை போடுகிற அம்மா பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். "இன்னாம்மா, இன்னோரு அம்மா எப்போ வராங்கோ?" நான் "வருவாங்க" என்பேன். நீ செத்துப்போனாய் என்று என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் இது எனக்கு மட்டுமான வீடாகிவிடும். அதற்குத்தான் பயந்தேன்.

இன்று கீழே ஃபிளாட் செக்ரட்டரி, வீட்டுக்கு எத்தனை பேர் என்ற கணக்கில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இட்லிக்கடை அம்மா, "ரெண்டு பேரு சார். இன்னோரு அம்மா வரணும், சேத்தே புட்ச்சுக்கட்டும்" என்றாள். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் வெறும் குடத்துடன் நின்றாள்.

"ஒருத்திதான். அவ வர மாட்டா. செத்துப்போயிட்டா" என்றேன். கடை இன்று லீவு என்று சொல்கிற குரலில்தான் வந்தது. குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். இட்லிக்கடை அம்மா தூக்குப் பாத்திரத்தோடு நின்றாள்.

"அடுப்பு பத்த வெச்சிட்டியா?"

"இனிமேதாம்மா."

"வெக்காதே. சாவு ஊட்ல அடுப்பு எரியக்கூடாது. சோறு எடுத்தாந்துகீறேன்."

"நாலு மாசம் ஆச்சும்மா."

"எனுக்கு இன்னிக்கித்தானே தெரியும். அன்னிக்கி உனுக்கு யாருனா சோறு குட்தாங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நீ எனக்கு என்ன உறவு என்றுகூடக் கேட்கவில்லை. தட்டை அவளே தேடி எடுத்து, சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அழுதேன் என்று நினைக்காதே. பசித்தது. இன்னொரு தரம் போடச் சொல்லிச் சாப்பிட்டேன். நீ போனதிலிருந்து நான் ருசி தெரிந்து சாப்பிட்டது அதுதான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் "வரேம்மா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்புகிறவள் அவள். இன்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து படி இறங்கிப் போனாள். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை அல்லவா? திருவண்ணாமலையில் உன் அண்ணன் வீட்டிலிருந்து நானும் அப்படித்தான் வந்தேன்.

நாளைக்கு ஆபீசில் யாராவது, ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்பார்கள். இத்தனை நாள் தலைவலி என்று சொல்லிச் சமாளித்தேன். நாளைக்குச் சொல்லிவிடுவேன், எங்க வீட்ல ஒரு சாவு.