பாவடித் தெரு ஃபைல்

நேற்று மகளுடைய மடிக்கணினியில் பழைய கல்யாணப் படங்களை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒரே ஒரு படத்துக்குப் பக்கத்தில் 1-1-1980 என்று தேதி போட்டிருந்தது. போன வருடம் எடுத்த படம் அது. "ஏதோ தப்பான தேதிம்மா, விடு" என்றாள் மகள். நான் விடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குத்தான் அது என்னவென்று தெரியும். நீ இறந்துபோய் மூன்று மாதமாகிறது.

எண்பத்தெட்டு, ஆடி மாதம். கோயிலில் தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம். சங்கரன்கோவிலில் நெசவாளர் சங்கத்து மாடியில் நாம் இரண்டு பேரும், இரண்டு கம்ப்யூட்டரும். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நீ வாசுதேவநல்லூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவாய். நான் உள்ளூர். வீட்டுமனை கேட்டு எழுதிக்கொடுத்த நெசவாளர் பெயர்களை, ஒரு தெருவுக்கு ஒரு ஃபைல் என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பதுதான் வேலை. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பட்டியல் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் பெயர் இல்லாதவருக்கு மனை இல்லை. செயலாளர் அண்ணாச்சி இதைத் தினமும் இரண்டு தடவை சொல்லிவிடுவார்.

உன் மிஷினில் அடித்ததை என் மிஷினுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது சாயங்கால வேலை. எல்லாவற்றையும் எடுத்தால், கொண்டுபோகிற ஃபிளாப்பித் தகடு கொள்ளாது. அதனால், இன்ன தேதிக்குப் பிறகு கை பட்ட ஃபைலை மட்டும் எடு என்று ஒரு கட்டளை அடிப்போம். அது எடுத்துக்கொள்ளும், மற்றதைத் தொடாது. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. நீதான், "அது கெட்டிக்காரத்தனம் ஒண்ணுமில்லட்டி. தேதிய மட்டும் பாக்கும். தேதி பொய்யின்னா அதுவும் பொய்" என்றாய்.

அந்த மிஷின்களுக்கு ஒரு கேடு உண்டு. கரண்டு போய் வந்தால் நேற்று இன்று எல்லாம் மறந்துவிடும். உயிர் வந்ததும் இன்று என்ன தேதி என்று கேட்கும். சொல்லாமல் எண்டரைத் தட்டினால் 1980 ஜனவரி ஒன்று என்று தானாக வைத்துக்கொள்ளும். நீ ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக அடிப்பாய். எனக்கு அப்போதும் பொறுமை கிடையாது, இப்போதும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்டு போனது. நீ கை கழுவக் கீழே போனாய். தெருவில் விசைத்தறிகள் மறுபடி சடசடக்க ஆரம்பித்ததும் கரண்டு வந்துவிட்டது என்று தெரிந்தது. உனக்கு உதவியாக இருக்கட்டுமே என்று உன் மிஷினையும் நானே போட்டேன். தேதி கேட்டது. எண்டர். நேரம் கேட்டது. எண்டர். நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "தேதி போட்டியா?" என்றாய். "ஆமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல, வாயில் வந்தது, அவ்வளவுதான். நீ உட்கார்ந்து பாவடித் தெருவை முடித்தாய். முந்தின நாளே பத்தொன்பது பேரை அடித்துச் சேர்த்திருந்தோம். அன்று மத்தியானம் அது அறுபத்திரண்டு ஆனது.

சாயங்காலம் உன் மிஷினில் நான்தான் கட்டளை அடித்தேன். நீ காலையில் அடித்த இரண்டு தெருக்களின் பெயர்கள் திரையில் ஓடின. சரி, வந்துவிட்டது என்று எழுந்தேன். மூன்றாவது வந்ததா என்று எண்ணவில்லை.

மறுநாள் காலையில் என் மிஷினிலிருந்து மொத்தப் பட்டியலையும் எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி, நெசவாளர்கள் எழுதிக்கொடுத்த தாள்களையும் கட்டி எடுத்துக்கொண்டு பதினொரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். பன்னிரண்டரை இருக்கும், செண்பகம் என்று ஒரு அம்மா மாடியேறி வந்தாள். பாவடித் தெரு, தறிக்காரி. "தாயி, எம் பேரு ஏறிட்டான்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுதியளா?" என்றாள். நான் அலட்சியமாகத்தான் திறந்தேன். பத்தொன்பது பெயர். அவள் இல்லை. மறுபடி திறந்தேன். பத்தொன்பதுதான்.

நீ உன் மிஷினில் பார்த்தாய். அறுபத்திரண்டும் பத்திரமாக இருந்தது. பக்கத்தில் 1-1-80. நீ அந்தத் தேதியைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் போனேன் என்றுகூட நினைக்கிறேன். அதற்குள் தெருவில் தறிச் சத்தம் நின்றது. இரண்டு திரையும் அணைந்தன.

அந்த ஒன்றேகால் மணி நேரத்தை எப்படிச் சொல்ல? சன்னல் வழியே தபசுப் பந்தல் மைக் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பேட்டரி போலிருக்கிறது. செண்பகம் போகவில்லை. மேல்படியில் உட்கார்ந்துகொண்டாள். "எம் பேரு மட்டுந்தான் இல்லையா, தெருவே இல்லையா?" என்றாள். "பாதித் தெரு" என்றாய் நீ. அவள் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "ரெண்டேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு. அத விட்டா அஞ்சு மணிக்குள்ள போவ முடியாது" என்று நீ சொன்னாய். நான் மனதுக்குள் சங்கரலிங்க சாமிக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். நேர்ந்ததில் பாதியை இன்னும் செய்யவில்லை.

ஒன்று ஐம்பதுக்குத் தறிகள் சத்தம் போட்டன. நீ உன் மிஷினைப் போட்டாய். தேதி கேட்டது. ஒவ்வொரு எண்ணாக அடித்தாய். நான் பக்கத்தில் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை நீ.

"இதுக்குத் தேதியெல்லாம் சொல்ல வேண்டாம். பேரச் சொல்லிக் கூப்பிடு, வந்துரும்" என்று நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, ஃபிளாப்பியின் காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தெருப் பெயரை எழுதிவிட்டுச் செருகினாய். அது முந்தா நாள் ஃபிளாப்பி, அதில் பழைய பத்தொன்பது இருந்தது. அடித்தேன். எண்டரின் மேல் விரலைக் கொண்டுபோனபோது என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"நில்லுட்டி. எங்கேருந்துங்கிறது மொதல்ல. எங்கங்கிறது பிறவு."

திரையைப் பார்த்தேன். இரண்டையும் இடம் மாற்றி அடித்திருந்தேன். தட்டியிருந்தால் பத்தொன்பது போய் அறுபத்திரண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த மிஷின், "நிஜமாகவா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. நாற்பத்து மூன்று குடும்பம் உலகத்தில் எங்குமே இருந்திருக்காது. நீ என் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நின்றபடியே நீயே அடித்தாய். ஃபிளாப்பி கரகரவென்றது. வந்ததைத் திறந்து கடைசிப் பெயர்வரை பார்த்தாய். செண்பகம் இருந்தாள்.

நோட்டுப் புத்தகத்துக்குள் ஃபிளாப்பியை வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாய். இரண்டு பத்து. சாயங்காலம் பூட்டும்போதுதான் பார்த்தேன், உன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. ஆடி வெயிலில் பஸ் நிலையம் வரைக்கும் வெறுங்காலோடு ஓடியிருக்கிறாய். ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது திருநெல்வேலியில் அண்ணாச்சி கையில் கொடுத்தாயாம். சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் அண்ணாச்சி சாமியாடினார். "யாரு பாத்த வேல இது? நாப்பத்து மூணு குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்தப் பாத்தியளே!" என்றார். நீ சொன்னாய்: "எம் மிஷின்ல நடந்தது, அண்ணாச்சி. தேதி விட்டுப்போச்சு." அவ்வளவுதான் சொன்னாய். வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி நான் நின்றுகொண்டிருந்தேன். மாசக் கடைசியில் நீ வேலையை விட்டுப் போனாய். அவர் நிறுத்திவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். கேட்கப் பயம்.

பிறகு எத்தனை கல்யாணத்தில் பார்த்துக்கொண்டோம்! உன் பிள்ளைகள், என் பிள்ளைகள், சர்க்கரை, முழங்கால் வலி, எல்லாம் பேசினோம். இதைத் தவிர. உனக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு போன சித்திரையில் வாசுதேவநல்லூருக்கு வந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். உன் மருமகள் காப்பி வைத்துவிட்டுப் போனதும், முப்பது வருடத்துக்கு மேல் தொண்டையில் கிடந்ததைத் துப்பிவிட்டேன். அன்னைக்குத் தேதி போடாதது நான்தான், உன் வேலை போனது என்னால்தான் என்றேன். அழுதேன், வெட்கமில்லாமல்.

நீ அழவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "எனக்கு அன்னைக்கே தெரியுமே. என் வேல ஒண்ணும் போகல. அண்ணாச்சி மறுநாளே, போட்டும் தாயி, வேலயப் பாருன்னுட்டாரு. நானாத்தான் நின்னேன்."

"ஏன்?"

"நீ எங்கிட்டயாவது சொல்லுவேன்னு இருந்தேன். மாசம் முடியுத வரைக்கும் பாத்தேன்."

அதற்குப் பிறகு நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். கோபமாகவும் இல்லை. எனக்குத்தான் அந்த வீட்டிலிருந்து எப்படி எழுந்து பஸ் ஏறினேன் என்று ஞாபகமில்லை. மன்னித்தாயா என்று கேட்க மறுபடி வருவதற்குள், நீ போய்விட்டாய் என்று ஆள் வந்து சொல்லிவிட்டார்கள்.

அந்த மாசத்தைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன். வேலையில் நீ ஒரு குறையும் வைக்கவில்லை. என்னிடம் முகம் கோணவில்லை. கடைசி நாள் வரைக்கும் மத்தியானம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ தினமும் உன் தூக்குச்சட்டியைத் திறந்து முதல் கவளத்தை எனக்குத்தான் வைத்தாய். நானும் தின்றேன்.