ஒரு ஜோடி ஷூவும் ஒரு பால்குடமும்

போன வாரம் மகள் என்னை சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு செருப்புக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து காகிதத்தை விலக்கியதும் புதுத் தோல் வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. செத்துப்போன சிநேகிதனை ஷூ வாசனையில் நினைக்கிறவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோபித்துக்கொள்ளாதே.

காலை நுழைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் கடித்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"பொய் சொல்லாதீங்கப்பா. முகமே காட்டிக் கொடுக்குது" என்றாள். நீ இருந்திருந்தால் அவள் பக்கம்தான் சேர்ந்திருப்பாய்.

நாம் ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்து வேலையில் இருந்த காலம். தொழிலாளர் லயத்தில் ஒரே அறை, ஒரே அடுப்பு. நான் தஞ்சாவூர்ப் பக்கம், நீ தூத்துக்குடி வேதக்காரன். ஊரில் என் மனைவிக்கு அது இரண்டாம் பிரசவம். முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. 'இந்த முறை எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அவள் எழுதிய கடிதத்தை உன்னிடம்தான் முதலில் படித்துக் காட்டினேன். கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்னால் ஆகக்கூடியது ஒன்றுதான் என்று தோன்றியது. நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து சிங்கப்பூர்த் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

நான் தனியாகச் சமைத்துக்கொள்வதாகச் சொன்னபோது நீ சட்டியைப் பிடுங்கிக்கொண்டாய். "ரெண்டு சட்டி எதுக்குலா? கழுவ யாரு?" என்றாய். அதோடு நம் அறையில் கறியும் கருவாடும் நின்றன. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு பூசைக்கு டவுனுக்குப் போகிறவன், அங்கே சீனன் கடையில் வேண்டியதைத் தின்றுவிட்டு வருவாய் என்று நினைத்துக்கொண்டேன். கட்டில் கிறீச்சிடுகிறது என்று நீயும் பாயில் படுத்தாய். சம்பளத்தன்று கள்ளுக்கடைக்குக் கூப்பிட வந்தவர்களை வயிறு சரியில்லை என்று அனுப்பினாய். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. விரதம் இருக்கிறோம் என்ற பெருமையில் இருக்கிறவனுக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன் எங்கே தெரியப்போகிறான்?

அந்த வருஷம் தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறினோம். ஜொகூர்ப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரின் கிராஞ்சிப் பக்கம் வந்ததும் சதுப்புநிலத்து வாடை ஜன்னல் வழியாக அடித்தது. நீ மூச்சை இழுத்து, "எங்க ஊரு வந்துட்ட மாதிரி இருக்கு" என்றாய். கடற்கரையில் பிறந்தவன் ரப்பர்க் காட்டில் என்ன பாடுபட்டிருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சிராங்கூன் சாலையில் உனக்குத் தெரிந்தவரின் மாடியறையில் மூட்டையைப் போட்டோம். ஜாலான் புசாரில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்தக் கறுப்பு ஷூவைப் பார்த்தேன். தோட்டத்தில் கித்தான் சப்பாத்தைப் போட்டுத் தேய்ந்த கால். பட்டணத்துக்கு வந்தவன் பட்டணத்துக்காரன் மாதிரி நடக்க வேண்டாமா? வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டேன்.

"நாளைக்கு வெறுங்காலோட நடக்கப் போறவன், இன்னைக்கு எதுக்குலா புது ஷூ? கழட்டு" என்றாய்.

"உனக்குப் பொறாமை" என்றேன். எவ்வளவு வாய்க்கொழுப்பு பார்.

அந்த ஷூவோடு கடற்கரைத் திடல்வரை நடந்தோம். கப்பல்கள் வரிசையாக நின்றன. இந்தத் தண்ணீரின் மறுகரையில் அவள் இருக்கிறாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. நீ கச்சான் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டிவிட்டு, கப்பல்களின் பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாய். நான் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை படித்தாய். அறைக்குத் திரும்பி ஷூவைக் கழற்றினால் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். நீ பார்த்தாய். தேங்காய் எண்ணெய் மட்டும் எடுத்து வந்தாய்.

மறுநாள் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு, நேராக ஊர்வலம் புறப்படும் பெருமாள் கோயில் வாசலுக்கு வந்தாய். வெள்ளைச் சட்டை, கால்சட்டை, உன்னுடைய பழைய பழுப்பு ஷூ, பையில் ஜெபமாலை. எனக்கு மஞ்சள் வேட்டி, தலையில் பால்குடம். பாதி வழியிலேயே கொப்புளம் உடைந்துவிட்டது. வெயில் ஏற ஏறத் தார் கொதித்தது. டோபி காட் வந்தபோது வலது காலை ஊன்றவே முடியவில்லை. குடத்தைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஊர்வலத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். "கீழ வச்சுடாதீங்க தம்பி. விரதம் இருந்தவங்க யாராச்சும் கூட வந்திருந்தா வாங்கிக்கட்டும்."

என்னோடு யார் வந்தார்கள்? நீதான். ஒரு ஷூ ஆசைக்காக என் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பைத்தியக்கார நினைப்புதான், ஆனால் அப்போது அப்படித்தான் இருந்தது.

நீ குனிந்து உன் ஷூவை அவிழ்த்து ஒரு மரத்தடியில் வைத்தாய். "கொடு. நானும் விரதம்தான்" என்றாய்.

"விளையாடாத."

"நாப்பத்தெட்டு நாளும் உன் சட்டியிலதானே சாப்பிட்டேன்?"

"கிறிஸ்துமஸுக்கு?"

"ரசம் சாதம் நீதானே போட்டே? மறந்துட்டியா?"

மறக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மேல் லயத்தில் உங்கள் ஆட்கள் ஆட்டுக்கறி விருந்து வைத்தார்கள். நீ அரை மணியில் திரும்பி வந்து, "அங்க ஒரே கூட்டம்" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் ஒரு கரண்டி ரசம் ஊற்றினேன். உன் பெருநாள் சாப்பாடு அதுதான்.

"ஏன்டா சொல்லலை?" என்றேன்.

"பொண்டாட்டி புள்ளைக்காக நீ வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்குறே. பக்கத்துல உக்காந்து நான் கறி தின்னா தொண்டையில எறங்குமா? கொடுலா, வெயில் ஏறுது."

பெரியவர் உன் சட்டைப் பையிலிருந்து தொங்கிய ஜெபமாலையைப் பார்த்தார். உன் முகத்தையும் பார்த்தார். குடத்தை அவரே என் தலையிலிருந்து எடுத்து உன் தலையில் வைத்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, டேங்க் ரோடு முருகன் கோயில்வரை ஒரு சொட்டும் சிந்தாமல் நீ நடந்தாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன். வழிநெடுக வேல் வேல் என்று கத்தினார்கள். உன் உதடும் அசைந்தது. என்ன சொல்லிக்கொண்டு நடந்தாய் என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

கோயில் வாசலில் நின்று குடத்தை என் கையில் கொடுத்தாய். "இதுக்கு மேல உன் பாடு, உன் சாமி பாடு. போ" என்றாய்.

உங்கள் பாதிரியார் கேட்டால் என்ன சொல்வாய் என்று பயந்தேன். "தூக்கினேன்னு சொல்லுவேன். வேற என்னத்தச் சொல்ல?" என்றாய். எனக்குத் தெரிந்து, இரண்டு சாமிக்கும் பொய் சொல்லாத ஆள் நீ ஒருவன்தான்.

திரும்பி வந்து பார்த்தால், மரத்தடியில் விட்ட உன் ஷூவைக் காணோம். மாடியறைக்குப் போய் என் கறுப்பு ஷூவைக் கொடுத்தேன். எனக்கு அப்படிக் கடித்தது உனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு எத்தனை வருஷம் பூசைக்குப் போனாய்!

அடுத்த மாதம் கடிதம் வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். புகைக்கூடத்துக்கு ஓடி வந்து சொன்னேன். ரப்பர் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவன், "என்ன பேரு வைக்கப் போறே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, புகை கண்ணில் பட்டது போலத் திரும்பிக்கொண்டாய். புகையில் பத்து வருஷம் நின்றவன் நீ. நான் நம்பிவிடுவேனா?

அன்றிலிருந்து நான் கிறிஸ்துமஸ் அன்று கறி தொடுவதில்லை. இதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாய். வீட்டில் வெறும் ரசம் சாதம் கேட்பேன், வயதான கிறுக்கு என்று விட்டுவிடுவார்கள்.

ஆனால் போன வாரம் அந்தக் கடையில், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் காலுறையுமாக உட்கார்ந்து மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் குனிந்து அந்த ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு அளவு பெரியது கேட்டாள்.

இன்று கிறிஸ்துமஸ். நீ இல்லாத முதல் கிறிஸ்துமஸ். எதிர்வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. மகள் அதைப் பேரப்பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, இரண்டு தட்டில் ரசம் சாதம் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு எதுக்கும்மா? நீ பிரியாணி சாப்பிடு" என்றேன்.

"என்னைத்தானேப்பா அவர் தூக்கிட்டு நடந்தாரு" என்றாள்.