பண்டிகைக்கு முன் கடித்த ஆப்பிள்

என் வீட்டுக்காரருக்கு,

கொட்டகைக்குக் கூரை மாற்றியாயிற்று. பசு நன்றாக இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு அடித்த குளிரில் தோட்டத்து மரமெல்லாம் பட்டுப்போனது நினைவிருக்கும். நம் மகன் ஸாவ்வா பள்ளி நாளில் நட்ட அந்தோனவ்கா ஆப்பிள் மரமும் ஜூன் வரை இலையே விடாமல் நின்றது. வெட்டச் சொன்னார்கள். நான் கோடரியை ஒளித்து வைத்தேன். பிறகுதான் துளிர்த்தது. இந்த வருடம் கிளை தாழக் காய்த்திருக்கிறது.

நேற்று ஒன்றைப் பறித்தேன். அடுத்த வீட்டு கிளாஃபீரா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அடியே, வாயில வைக்காத! ஆப்பிள் பண்டிகைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. பிள்ளையப் பறிகொடுத்த தாய் தகப்பன் அதுக்கு முன்னாடி தின்னா, மேலோகத்துல அந்தப் பிள்ளைக்குப் பழம் குடுக்க மாட்டாங்கடி.”

“அது பறிகொடுத்தவங்களுக்கு. படையிலேருந்து எனக்கு வந்த தாள்ல ‘காணவில்லை’ன்னுதான் போட்டிருக்கு,” என்றேன். அவள் கண்ணெதிரிலேயே கடித்தேன்.

குளிர்கால ரகம் ஆகஸ்டில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கல் மாதிரி இருந்தது. பல் கூசி, கண்ணில் நீர் வந்துவிட்டது. புளிப்பினால்தான். விதைவரை தின்று முடித்தேன்.

செப்டம்பர் கடைசியில் பறித்து வைக்கோலில் அடுக்குவேன். புத்தாண்டுக்குள் மஞ்சளாகி வீடெல்லாம் மணக்கும். அவனுக்கு அப்போதுதான் பிடிக்கும்.

நீங்கள் மரம் வெட்டும் முகாமுக்கும் ஆப்பிள் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். பண்டிகைக்கு முன் நீங்கள் தின்றீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மனைவி